வாயாடி சொன்னது

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கணவனின் தங்கை கூப்பிட ஆரம்பித்தது; மேல்மாடிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு தபால்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் அவளைவிடப் பத்து வயது மூத்த எதிர்வீட்டுக்காரர்கூட "அண்ணி, லிஃப்ட் மறுபடியும் படுத்துடுச்சா?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. அந்தப் பெயரைத் தொடங்கிவைத்தவள் மட்டும் இரண்டு வருடமாக அவளை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை.

அண்ணிக்கு மொழிபெயர்ப்பு வேலை. செவிலியர் படிப்பு, மருந்தாளர் படிப்பு இவற்றுக்கான பாடப் புத்தகங்களை வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துக் கொடுப்பாள். அதற்கென்று ஒரு சின்ன லேப்டாப். பள்ளிக்கூட நோட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையின் ஜன்னல் ஓரத்து மூலை அதன் இடம். அவளைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அந்த லேப்டாப் ஒரு சனிக்கிழமை காலையில் முரண்டு பிடித்தது. பொத்தானை அழுத்தினால் 'கீ கீ' என்று இரண்டு சத்தம், பிறகு திரையின் நடுவே ஒரு வட்டம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அணைத்துப் போட்டாள், சார்ஜரைக் கழற்றி மாட்டினாள், சொல்லக் கூடாத ஒரு வார்த்தையும் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. திங்கட்கிழமை ஒரு புதிய பதிப்பகத்துக்கு மாதிரி அத்தியாயம் அனுப்பியாக வேண்டும். இரண்டு வருடத்துக்குப் பிறகு கிடைக்கிற முதல் உருப்படியான வேலை.

"கடையில கொடுத்துடேன்," என்றார் கணவர்.

"கடைக்காரன் மூணு நாள் வச்சுக்குவான். நானே சிஸ்டத்தை அழிச்சுட்டுப் புதுசா போட்டுடுறேன். எல்லாம் இன்டர்நெட்டுல இருக்கு."

கணவர் தன் அலுவலகத்து நண்பரிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு பென் டிரைவில் புது சிஸ்டத்தை ஏற்றி வாங்கிவந்தார். அண்ணி வழிமுறைகளைக் கைபேசியிலிருந்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, ஞாயிறு காலை பாத்திரங்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

முதலில் பழைய கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும். பழுது பார்ப்பதற்கென்றே அரைகுறையாகத் திறக்கும் ஒரு முறை இருக்கிறது. அதில் ஒருவழியாக உள்ளே போய், தன் வேலைகளை இன்னொரு பென் டிரைவுக்கு நகலெடுத்தாள். கடைசியில் ஒரு மூலையில் 'வாயாடி' என்று ஒரு ஃபோல்டர் கிடந்தது.

வாயாடி என்பது நாத்தனாரின் செல்லப் பெயர். அவள் அண்ணனே வைத்தது. பல் தேய்க்கும்போதுகூட வாய் ஓயாது அவளுக்கு. ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்குப் படித்துவிட்டு, வேலை தேடி இங்கே வந்து நான்கு மாதம் தங்கியிருந்தாள். அண்ணி காலையில் வேலை செய்து, கோப்பை மூடாமலே எழுந்து, ஒரு மணிக்குச் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வாள். அந்த நேரத்தில் வாயாடி லேப்டாப்பை எடுத்து விண்ணப்பங்கள் எழுதுவாள். அப்போது அந்தச் சட்டமெல்லாம் கிடையாது. உண்மையில் அந்த நான்கு மாதம் போல அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டதே இல்லை. "வா அண்ணி, இங்க உக்காரு அண்ணி, போ அண்ணி உனக்கு ஒண்ணும் தெரியல" என்று உடன்பிறந்தவளைப் போல ஒருமையில்தான் பேசுவாள். அண்ணிக்கு அது பிடித்திருந்தது.

ஃபோல்டரில் பதினேழு கடிதங்கள். ஒன்றைத் திறந்தாள். 'மதிப்புக்குரிய மேலாள' என்று பாதியில் நின்றது. இரண்டாவது வரியிலும் ஒரு சொல்லுக்கு வால் இல்லை. 'ஒரு லெட்டர் ஒழுங்கா எழுதத் தெரியுதா பாரு' என்று நினைத்துக்கொண்டு மூடினாள். அதை நகலெடுக்கவில்லை. இரண்டு வருடக் கோபம், அதற்கு ஒரு ஃபோல்டரைக்கூடச் சுமக்க மனம் வரவில்லை.

பிறகு புது சிஸ்டம் இருந்த பென் டிரைவிலிருந்து இயக்கி, தாளில் எழுதியபடி ஒவ்வொன்றாகச் செய்தாள். மொழியைத் தேர்ந்தெடு. பழைய பகுதியை அழி. 'இதிலுள்ள அனைத்தும் போய்விடும், நிச்சயமா?' என்று அது கேட்டது. நிச்சயம் என்று அழுத்தினாள். சதவீதம் ஏறியது. பதினெட்டில் பத்து நிமிடம் நின்றது, அண்ணி பிரார்த்தனை செய்யாத குறையாக உட்கார்ந்திருந்தாள், பிறகு நூறு வரை ஒரே ஓட்டம். இரண்டு முறை தானே அணைந்து எழுந்தது. வட்டமும் வந்தது, போயும் போயிற்று. திரையில் வெள்ளையாக ஒரு கட்டம் தோன்றி, உங்கள் பெயர் என்ன என்று கேட்டது.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "இந்தாங்க, வந்து பாருங்க! பெரிய மெக்கானிக் உங்க வீட்டுலயே இருக்கா!" என்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டே பெயரைத் தட்டினாள்.

ஆறு எழுத்து வந்தது. அவள் கணவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் பார்த்தபோது நான்குதான் இருந்தது.

கை பட்டிருக்கும் என்று மறுபடி தட்டினாள். ஆறாயிற்று. கையை எடுத்தாள். ஆறாவது எழுத்து போயிற்று. கொஞ்சம் பொறுத்து ஐந்தாவது. பிறகு ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு மீதி நான்கும் சரசரவென்று பின்னோக்கி ஓடி, கட்டம் காலியாயிற்று. அண்ணி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். 'சரியா ஏறல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிற்பகல் முழுவதும் மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டாள். மறுபடி வெள்ளைக் கட்டம். மறுபடி பெயர். இந்த முறை கணவரும் பின்னால் நின்று பார்த்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின.

"இது சிஸ்டம் கோளாறு இல்ல," என்றார் அவர். இரண்டு பேருக்கும் ஒரே நாள்தான் ஞாபகம் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, பதிப்பாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். செவிலியருக்கான மருந்தளவுக் கையேடு. ஓரிடத்தில் ஐம்பது மில்லி என்பது ஐந்து மில்லி என்று இருந்தது; பூஜ்யத்தைக் காணோம். இன்னோரிடத்தில் 'கொடுக்கக் கூடாது' என்பதில் 'கூடாது' இல்லை. தேடத் தேடப் பதினோரு இடங்கள். நல்லவேளையாக அச்சுக்குப் போகும் முன்னால் யாரோ பார்த்துவிட்டார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற அண்ணிக்கு முகத்தில் ஈயாடவில்லை. புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து வேலையே வரவில்லை.

அன்று மாலை அண்ணி சமையலறை வாசலில் நின்று கேட்டாள்: "நீதானே கை வச்சே?"

"நான் உன் ஃபைல் பக்கமே போகல அண்ணி. அது தானா அழியுது. நான் ரெண்டு தடவை பார்த்தேன். கையை எடுத்துட்டு உக்காந்திருக்கேன், எழுத்து ஒண்ணொண்ணா பின்னாடி போகுது."

"தானா அழியுதா? மந்திரவாதியைக் கூப்பிடட்டுமா?"

"சத்தியமா சொல்றேன்."

"பார்த்தவ அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேன் அண்ணி. 'தொணதொணன்னு பேசாதே, வேலை இருக்கு'ன்னு சொன்ன."

அது உண்மைதான். நாளெல்லாம் பேசுகிறவள் பேச்சில் எது சேதி, எது சத்தம் என்று யார் பிரித்துக் கேட்டார்கள்? ஆனால் அண்ணி அந்த நிமிடத்தில் அதை ஒப்புக்கொள்ளும் நிலையில் இல்லை. "இத்தனை நாள் உக்காரவச்சு சோறு போட்டதுக்கு, என் பிழைப்புலயே மண்ணை அள்ளிப் போட்டுட்டே," என்று சொல்லிவிட்டாள்.

அந்த நான்கு மாதத்தில் வாயாடி பதில் சொல்லாமல் நின்றது அந்த ஒரு முறைதான். மறுநாள் காலை ஒரு பெட்டியோடு கிளம்பி, வேறு ஊரில் இருந்த தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை அண்ணி கணவரின் அலுவலகக் கணினியில் உட்கார்ந்து மாதிரி அத்தியாயத்தை ஒருவழியாக முடித்து அனுப்பினாள். செவ்வாய் காலை லேப்டாப்பை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். இரண்டாவது மாடியில், தையல் கடைக்கும் போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவே ஒரு பழுது பார்க்கும் கடை. அங்கே இருந்தது ஐம்பது வயது அம்மாள் ஒருவர். தலையில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. அண்ணி சொன்னதைக் கேட்டுவிட்டு, "சிஸ்டத்தை எத்தனை தடவை போட்டீங்க?" என்றார்.

"ரெண்டு தடவை."

"கால் வலிக்குதுன்னு தலைக்குத் தைலம் தேய்ச்சிருக்கீங்க," என்று சொல்லிக்கொண்டே திருகுகளைக் கழற்றி, விசைப்பலகையை மெதுவாகத் தூக்கினார். விளக்கைக் கிட்டே இழுத்தார். எழுத்தை அழிக்கிற விசைக்குக் கீழே ரப்பர் மூடி பழுப்பாக, பாகு காய்ந்த மாதிரி ஒட்டிக்கிடந்தது.

"பாருங்க. இது கெட்டியா இருக்கிறவரைக்கும் சும்மா இருக்கும். மெஷின் மூணு நாலு மணி நேரம் ஓடிச் சூடானா இளகும். இளகினா மூடி அமுங்கும். நீங்க தொட வேண்டியதே இல்ல, தானா அழிச்சுக்கும். காலையில நல்லா இருக்கும், மத்தியானத்துக்கு மேலதான் ஆட்டம் போடும். வர வர முத்திப்போய் இப்ப சூடு இல்லாமலே அடிக்கடி அமுங்கிக்குது. அதான் திறக்கும்போதே கத்துது, உள்ளேயும் விடல." அவர் ஒரு குச்சியால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். "டீயா, காபியா?"

"தண்ணிதான் ஒரு தடவை லேசா..." என்று அண்ணி மென்று முழுங்கினாள்.

"தண்ணி இப்படிப் பிசுபிசுக்காதும்மா," என்றார் அம்மாள், நிமிர்ந்து பார்க்காமல்.

டீதான். வாங்கிய முதல் மாதம். சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, முழங்கை பட்டு, அரை டம்ளர் போலச் சாய்ந்தது. அப்போது வாயாடி இந்த வீட்டுக்கு வரவே இல்லை. அவசர அவசரமாகத் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே கவிழ்த்துவைத்துக் காயவைத்தாள். கணவரிடம் சொன்னால் 'புதுசை அதுக்குள்ளயா' என்பார் என்று சொல்லவில்லை. வேலை செய்தது. அவளும் மறந்துபோனாள், அல்லது மறந்த மாதிரி இருந்து நிஜமாகவே மறந்துபோனாள்.

பலகையை மாற்ற இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அண்ணி கீழே இறங்கிவந்து, கடைத்தெருவில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாதவளைப் போலக் கொஞ்ச நேரம் நின்றாள். 'மதிப்புக்குரிய மேலாள' என்ற வரி கண்முன் வந்தது. வேலை கேட்டு எழுதிய அந்தப் பெண்ணின் வரிகளையும் அதே விசைதான் தின்றிருக்கிறது. அந்தப் பதினேழையும் 'நிச்சயம்' என்று அழுத்தி அழித்தது இவள் கைதான்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்னொன்று இருந்தது, கணவருக்குக்கூடத் தெரியாதது.

வாயாடி கிளம்பிப் போன மறுநாள், புதன்கிழமை, அண்ணி அலமாரியைத் திறந்தபோது கீழ்த்தட்டில் நீல நிறத்தில் ஒரு கோப்பு இருந்தது. வாயாடியின் சான்றிதழ்கள் அத்தனையும். வியாழக்கிழமை அவளுக்கு இந்த ஊர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நேர்முகத் தேர்வு என்பது அண்ணிக்குத் தெரியும். தேதியைச் சுவர் நாட்காட்டியில் வட்டம் போட்டவளே அவள்தான். ஒரு போன் போட்டிருக்கலாம். கணவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். 'வேணும்னா வந்து கேட்கட்டும்' என்று அலமாரியைச் சாத்தினாள். யாரும் வந்து கேட்கவில்லை. அடுத்த வாரம்தான் கோப்பு இப்போதுதான் கண்ணில் பட்டது போலக் கணவரிடம் காட்டினாள். அவர் கூரியரில் அனுப்பிவைத்தார்.

கடைக்குப் போய்வந்த அன்று இரவு, சாப்பிடும்போது எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னாள். டீ, பிசுபிசுப்பு, கோப்பு எல்லாம். பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டதால் ஒரே மூச்சில், ஏதோ வாய்ப்பாடு ஒப்பிப்பது போல வந்தது. அவர் சோற்றில் கைவைத்தபடியே இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு நீ கத்துறப்ப நான் குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் கழுவிக்கிட்டே இருந்தேன்," என்றார் கடைசியில். "கழுவ ஒண்ணுமே இல்ல. அவ சொல்றது நிஜமா இருக்கலாம்னு எனக்குத் தோணுச்சு. யாரு உன்கிட்ட வாயைக் கொடுக்கிறதுன்னு இருந்துட்டேன்." எழுந்து தட்டைக் கழுவினார். "நீயே பேசு. நான் பேசினா நீ என்னை விட்டுப் பேசச் சொன்னேன்னு நினைப்பா."

பேச மூன்று நாள் பிடித்தது. எண்ணை எடுப்பாள், பார்ப்பாள், கீழே வைப்பாள். வெள்ளிக்கிழமை காலை ஒருவழியாக அழுத்தினாள்.

"சொல்லுங்க," என்றது குரல்.

'சொல்லு அண்ணி' இல்லை. 'சொல்லுங்க'. அண்ணிக்கு அந்த ஒற்றைச் சொல்லே போதுமாக இருந்தது. ஆனாலும் சொன்னாள். விசை, சூடு, டீ என்று சொல்லி முடித்து, "நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு," என்றாள்.

அந்தப் பக்கம் கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"மெஷின் சொன்னப்புறம் நம்புறீங்க," என்றாள் வாயாடி. "நான் சொன்னப்ப நம்பல. அவ்வளவுதானே? வேலையில இருக்கேன். அப்புறம் பேசலாம்."

அப்புறம் பேசவில்லை. அண்ணி பழைய பதிப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினாள். பிழைகளுக்கு வீட்டில் ஒருத்தி கைவைத்ததுதான் காரணம் என்று அன்று தான் சொன்னது பொய் என்றும், தன் கவனக்குறைவே காரணம் என்றும் எழுதினாள். 'தகவலுக்கு நன்றி' என்று ஒரு வரி பதில் வந்தது. மாதிரி அத்தியாயம் அனுப்பிய புதிய பதிப்பகம் வேலை கொடுத்தது. அதைக் கொண்டாட வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறி வாயாடியின் ஊருக்குப் போனார்கள். வருகிறோம் என்று அண்ணன் சொன்னபோது அவள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே பெரிய சங்கதியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒற்றை அறை, ஓரமாக அடுப்பு மேடை. ஜன்னலில் துவைத்த வெள்ளைக் கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. "வாங்கண்ணே, வாங்கண்ணி," என்று இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். நல்ல கோப்பையில் டீ கொடுத்தாள். பஸ்ஸில் கூட்டமா, வெயில் எப்படி என்று கேட்டாள். இளைத்திருந்தாள். சம்பந்தி வீட்டு ஆட்களை உபசரிப்பது போல ஒரு குறையும் இல்லாமல் உபசரித்தாள். அண்ணன் சாப்பிட்டுவிட்டு, வேண்டுமென்றோ இல்லையோ, கட்டிலில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார்.

மேடையருகே இரண்டு பெண்களும் பாத்திரம் துலக்கினார்கள்.

"அந்த ஃபைல்," என்றாள் அண்ணி. "புதன்கிழமையே பார்த்தேன். உனக்கு வியாழன் இன்டர்வியூன்னு தெரியும். வேணும்னேதான் சொல்லல."

வாயாடி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தெரியும்," என்றாள். "நீங்க நாட்காட்டியில வட்டம் போட்டீங்க. மறந்துபோச்சுன்னு நான் நினைக்கணுமா?" பிறகு அவளுக்குக் குரல் ஏறியது. "நான் வந்து கேட்டிருக்கலாம். உங்க தெரு வரைக்கும் வந்தேன். புதன்கிழமை சாயங்காலம், கீழே மருந்துக்கடை வாசல்ல ஒரு மணி நேரம் நின்னேன். மேல வந்தா மறுபடி சோத்துக் கணக்கு பேசுவீங்கன்னு திரும்பிப் போயிட்டேன். அந்த வேலை கிடைச்சிருந்தா அம்மாவை என்கூட வச்சிருந்திருப்பேன். இந்த ஊருல எனக்கு யாரைத் தெரியும்? முதல் மூணு மாசம் யார்கிட்டயும் பேசவே இல்ல. பேசினா நம்ப மாட்டாங்கன்னு ஆகிப்போச்சு எனக்கு. எங்க அண்ணன் குழாயைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறான். நீங்க பேசினதுகூட மறந்துடும், அந்தத் தண்ணி சத்தம் மறக்கல..."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். வரிசை இல்லாமல், முன்னும் பின்னுமாக, இரண்டு வருடத்தையும் கொட்டினாள். பழைய வாயாடியின் வேகம் அதில் இருந்தது. அண்ணி ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. 'ஆனா' என்ற சொல் இரண்டு மூன்று தடவை நாக்கு நுனி வரை வந்தது; விழுங்கினாள். கட்டிலில் படுத்திருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தூங்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

பேசி முடித்ததும் வாயாடி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். "அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிச்சாதான் இருட்டுறதுக்குள்ள போய்ச் சேருவீங்க," என்றாள்.

"நான் கேட்கிறதுக்கு முகம் இல்ல. இருந்தாலும் கேட்கிறேன். மன்னிச்சுடு."

"அண்ணி," என்றாள் வாயாடி, தாழ்வான குரலில். "இப்ப சொல்லத் தெரியல. சும்மா ஒரு வார்த்தைக்கு மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு இஷ்டம் இல்ல."

"சரி."

பஸ் நிலையம் வரை கூட வந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்று, அண்ணனிடம் இருமலுக்கு மருந்து சாப்பிடச் சொன்னாள். பஸ் நகர்ந்ததும் கையசைத்தாள். சரியாக, எத்தனை நேரம் அசைக்க வேண்டுமோ அத்தனை நேரம்.

கொஞ்ச தூரம் போன பிறகு கணவர், "இன்னும் கொஞ்ச நாள் போனா சரியாயிடும்," என்றார்.

"ஆகலாம்," என்றாள் அண்ணி. "ஆகாமலும் போகலாம்."

நடத்துநர் வந்தார். இரண்டு பேர் என்று சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். பயணம் மூன்று மணி நேரம்தான். இவ்வளவு கிட்டத்தில்தான் அவள் இருந்திருக்கிறாள்.